ஒயில் மாற்றி மூன்றாம் நாள் நின்றுபோன கார்

2024 ஜூன் 15ஆம் திகதி சனிக்கிழமை, காலை ஏழு மணியளவில், அக்போபுரவைத் தாண்டிக் கல்ஓயாச் சந்தியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது என்னுடைய காரின் எஞ்சின் இரும்புத் தகரத்தைச் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தமிட்டு, ஒரு நிமிடத்துக்குள் நின்றுபோனது. இருபுறமும் காடு, பக்கத்தில் மனைவி, பின்னிருக்கையில் பேராதனையில் படிக்கும் மகளுக்காகக் கட்டி எடுத்துவந்த சாப்பாட்டுப் பொதிகள். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்பு, புதன்கிழமை பிற்பகல், அந்தக் காரை எனக்கு விற்ற முகவர் நிறுவனத்தின் திருகோணமலைச் சேர்விஸ் நிலையத்தில் எஞ்சின் ஒயிலையும் ஒயில் பில்டரையும் மாற்றியிருந்தேன். அந்தக் காலையிலிருந்து நவம்பர் மாதம் வரை நான் பட்ட பாட்டையும், அதில் எங்கெங்கே தவறு செய்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். நான் அரசாங்க அலுவலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளன். ஊரார் விடயங்களுக்கெல்லாம் கோப்புத் திறந்து, திகதியிட்டு, பிரதியெடுத்து வைப்பதுதான் என் தொழில். என் சொந்த விடயத்தில் முதல் ஒரு வாரம் ஒரு துண்டுக் காகிதம்கூட நான் சேர்த்து வைக்கவில்லை.

கார் ஜப்பானியத் தயாரிப்பு, 1500 சீசீ பெற்றோல் எஞ்சின். 2017இல் லீசிங் எடுத்துப் புதிதாக வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் இந்நாட்டில் பழைய வாகனங்களின் விலை எங்கே போனது என்பதை எல்லோரும் அறிவோம்; என் சம்பளத்துக்கு இதைப் போன்ற இன்னொரு கார் இனிக் கிடைக்காது என்ற பயத்தினாலேயே, நகரத்துக் கராஜுகளில் பாதிப் பணத்துக்குச் செய்யக்கூடிய வேலைகளுக்கும் முகவர் நிறுவனத்துக்கே போய்க்கொண்டிருந்தேன். புத்தகத்தில் முத்திரை விழ வேண்டும், விற்கும்போது மதிப்பிருக்கும் என்பது எண்ணம். அன்றைய பில் 31,450 ரூபா. குளிரூட்டிய அறையில் கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்து தேநீர் குடித்தேன். செய்த வேலையைக் குறிக்கும் ஜொப் கார்ட்டில் யார் வேலை செய்தார், யார் சரிபார்த்தார் என்று எழுதுவதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. இரண்டாவது இடம் வெறுமையாக இருந்ததை நான் கவனித்தது ஆறு வாரங்களுக்குப் பிறகு. சேர்விஸ் முடிந்து சாவியைத் தரும்போது அந்தக் காகிதத்தை ஒரு நிமிடம் நின்று வாசியுங்கள். சரிபார்த்தவரின் கையெழுத்து இல்லையென்றால் அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவின் சிமெந்துத் தரையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவுக்கு ஈரம் தெரிந்தது. ஏசித் தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டு நான் அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். “தண்ணியெண்டால் காய்ஞ்சிருக்குமே, இது கறுப்பாக் கிடக்கு” என்று மனைவி சொன்னது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. இப்போது ஒவ்வொரு சேர்விஸுக்குப் பின்னரும் முதல் இரண்டு இரவுகள் எஞ்சினுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கார்ட்போட் அட்டையை விரித்து வைக்கிறேன். ஏசித் தண்ணீர் அதில் நிறமின்றி ஊறிக் காய்ந்துவிடும். ஒயிலின் கறை தேன் நிறத்தில் தங்கிவிடும்.

சனிக்கிழமை அதிகாலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். கச்சான் காற்று வீசும் காலம், வீதியில் கூட்டமில்லை. கந்தளாயில் தேநீர்க் கடை வாசலில் காரை நிறுத்தப்போனபோது, எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், ஒயில் குப்பி வடிவிலான சிவப்பு விளக்கு இரண்டு மூன்று தடவை சிமிட்டியது. வேகம் கொடுத்தால் அணைந்தது. சேர்விஸ் நிலையத்தில் வாகனங்களைப் பொறுப்பேற்கும் அலுவலரின் கைத்தொலைபேசி இலக்கம் என்னிடம் இருந்தது. அழைத்தேன். “சேர், புது ஒயில் போட்டிருக்கு, குறைய வாய்ப்பில்லை. சென்சர் பிழையா இருக்கும். ஹபரணை வரைக்கும் ஓடிப் பாருங்க, எரிஞ்சு நிண்டால் திரும்ப எடுங்க” என்றார். நல்ல பிள்ளை, எப்போதும் மரியாதையாகப் பேசுபவர். நம்பி ஓட்டினேன். அக்போபுரவில் விளக்கு நிரந்தரமாக எரியத் தொடங்கியது. அப்போதும் இன்னும் கொஞ்சத் தூரம்தானே, ஹபரணையில் யாரிடமாவது காட்டலாம் என்று ஓட்டினேன். இதில் என் தவறும் இருக்கிறது என்பதை மறைக்கப் போவதில்லை. அதை மறைக்காமல் முதலிலேயே ஒப்புக்கொண்டதுதான் பின்னர் விசாரணையில் எனக்கு உதவியது.

அந்த விளக்கைப் பற்றி எனக்கு அன்று தெரியாமல் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கார்களில் அது ஒயிலின் அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. ஒயில் குறையக் குறைய, எஞ்சின் சூடாகி மெதுவாக ஓடும்போதுதான் அழுத்தம் முதலில் விழும். அதனால்தான் நிறுத்தப்போகும் நேரத்தில் சிமிட்டி, வேகம் கொடுத்தால் அணைகிறது. அது சென்சர் பிழையின் அடையாளம் அல்ல, ஒயிலை எஞ்சினுக்குள் செலுத்தும் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம். எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்கும் அதைத் தாங்கும் பெயரிங்குகளும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது இடையில் உள்ள ஒயில் படலத்தால்தான். அழுத்தம் போனால் அந்தப் படலமும் போய்விடும், பிறகு உலோகம் உலோகத்தில் உரசும். ஆகவே சிவப்பு ஒயில் விளக்கு ஒரு தடவை சிமிட்டினாலும் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். குச்சியின் நுனியில் ஒயில் படவில்லையென்றால், யார் தொலைபேசியில் என்ன சொன்னாலும் சாவியைத் திருப்பாதீர்கள். கந்தளாயில் அந்தத் தேநீர்க் கடைக்காரரிடம் இரண்டு லீற்றர் ஒயில் வாங்கி வரச் சொல்லியிருக்கலாம்; ஐயாயிரமோ பத்தாயிரமோ ரூபாவுடன் கதை முடிந்திருக்கும்.

கந்தளாயிலிருந்து வாகனம் ஏற்றும் கெரியர் வந்துசேர எட்டரை மணியாகிவிட்டது. அதுவரை காட்டோரத்தில் யானைப் பயத்துடன் இருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. கெரியர் சாரதி முப்பது வயதுக்குள் இருப்பார். ஏற்றுவதற்கு முன் காரைச் சுற்றி நான்கு பக்கமும் தன் தொலைபேசியில் படமெடுத்தார். பிறகு மல்லாந்து படுத்துக் கீழேயும் வெளிச்சமடித்து எடுத்தார். எதற்குத் தம்பி என்று கேட்டேன். “இறக்கின பிறகு இது உடைஞ்சது, அது உடைஞ்சதெண்டு எங்கட தலையில போடுவாங்க சேர்” என்றார். தனக்காக அவர் எடுத்த அந்தப் படங்களில் ஒன்றுதான் என் வழக்கின் முதுகெலும்பாக நின்றது. அதில் எஞ்சினின் அடிப்பாகம் முழுவதும் ஒயில் சிதறியிருப்பதும், புதிய பில்டரின் விளிம்பில் கறுப்பு றப்பர் வளையம் ஒரு பக்கமாகப் பிதுங்கி நிற்பதும் தெளிவாகத் தெரிகின்றன. என் தொலைபேசியும் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் எடுத்த ஒரே படம், நிற்கும் கெரியரைத்தான், மகளுக்கு அனுப்புவதற்கு.

இனிச் சொல்வதே என் மிகப் பெரிய தவறு. காரை நேராக அதே சேர்விஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் இறக்கினேன். அவர்கள் செய்த வேலையில்தான் பிழை வந்திருக்கிறது, அவர்களே பார்த்துச் சரிசெய்வார்கள் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. செவ்வாய் காலை எட்டரைக்கு நான் போனபோது எஞ்சினின் அடித்தட்டு கழற்றப்பட்டு, பில்டரும் கழற்றப்பட்டு, எல்லாம் பெற்றோலில் கழுவிச் சுத்தமாக இருந்தது. எந்த நேரத்தில், யாருடைய அனுமதியில் திறந்தார்கள் என்று கேட்டதற்கு, “சேர் கொண்டுவந்து விட்டதே பார்க்கத்தானே” என்றார்கள். பில்டர் எங்கே என்று கேட்டபோது குப்பையோடு போய்விட்டது என்றார்கள். முகாமையாளர் என்னை உள்ளே அழைத்து, ஒயில் பம்ப் வயதாகிப் பழுதடைந்திருக்கிறது, சேர்விஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை, உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது என்று விளக்கினார். புதிய எஞ்சின் பகுதிக்கு 18 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா மதிப்பீடு. நீண்டகால வாடிக்கையாளர் என்பதால் கூலியில் 15 சதவீதம் கழிவு. நான் கோபப்படவில்லை, கோபப்படுவதற்குரிய அறிவு எனக்கு இருக்கவில்லை என்பதே உண்மை. வெளியே வந்து உட்துறைமுக வீதியில் கடலைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்றேன். பம்ப் பழுதாகியிருக்கலாம்தானே என்றுகூட நினைத்தேன்.

பழுதடைந்த எஞ்சினை முதலில் திறப்பவர் சொல்வதுதான் பிறகு கதையாகிறது. ஆகவே சேர்விஸ் பிழை என்ற சந்தேகம் சிறிதளவேனும் இருந்தால், காரை வீட்டுக்கோ வேறு கராஜுக்கோ கொண்டுபோங்கள். அவர்களிடமே விடவேண்டி வந்தால், “என் முன்னிலையில் அன்றி எதையும் கழற்றக்கூடாது” என்று ஜொப் கார்ட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, அந்தக் காகிதத்தைப் படமெடுத்து, அவர்களுக்கே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போங்கள். கீழே படுத்துப் படமெடுங்கள். பில்டரையும் ஒயில் வடிக்கும் நட்டையும் தனித்தனியே அருகில் வைத்து எடுங்கள். கிலோமீற்றர் காட்டும் பலகையையும் எடுங்கள். வீட்டுத் தரையில் இருந்த கறையை மனைவி கழுவவில்லை. அதையும் செவ்வாய் மாலை அளவுகோல் வைத்துப் படமெடுத்தேன், காலம் தாழ்த்தியேனும்.

என்ன நடந்திருக்கிறது என்பதை எனக்கு விளங்கவைத்தவர் அனுராதபுரச் சந்திப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக். கெரியர் சாரதியிடம் கேட்டு வாங்கிய படத்தைக் காட்டியதும், கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திப் பார்த்துவிட்டு, “ரெண்டு வளையம் இருக்கு” என்றார். பழைய ஒயில் பில்டரைக் கழற்றும்போது அதன் றப்பர் வளையம் சில வேளைகளில் சூட்டில் ஒட்டி எஞ்சின் பக்கமே நின்றுவிடும். அதைக் கவனிக்காமல், தனக்கென ஒரு வளையத்துடன் வரும் புதிய பில்டரைப் பூட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கையால் இறுக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும். நகரத்துக்குள் நாலு கிலோமீற்றர் ஓடும்வரை சிறிதாகக் கசியும். நெடுஞ்சாலையில் வேகம் எடுத்து அழுத்தம் ஏறும்போது ஒரு வளையம் பிதுங்கி வெளியே வரும். பம்ப் நன்றாக வேலை செய்வதாலேயே நான்கு லீற்றர் ஒயிலும் அந்த வழியால் வீதிக்குப் போய்விடும். “வளையம் பில்டரோட வந்திட்டுதோ எண்டு பார்க்கிறது முதல் பாடம் ஐயா. எங்கட பொடியங்களுக்கும் நடந்திருக்கு. ஆனா ஸ்டார்ட் பண்ணி, கீழ பார்த்துப் போட்டுத்தான் வெளிய விடுவம்” என்றார். அவருடைய நேர்மை எனக்குப் பிடித்தது. அன்றிலிருந்து சேர்விஸ் செய்யும்போது ஒரே ஒரு விடயத்தைக் கேட்கிறேன்: கழற்றிய பில்டரை எனக்குக் காட்டுங்கள், வளையத்தோடு.

காரை அங்கிருந்து வெளியே எடுப்பது தனிப் போராட்டம். கழற்றிய கூலி 42,000 ரூபாவைக் கட்டாமல் வாகனத்தை விடமாட்டோம் என்றார்கள். தெரிந்த ஒரு சட்டத்தரணி, கட்டுங்கள், ஆனால் பற்றுச்சீட்டின் இரு பிரதிகளிலும் “என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது” என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கட்டுங்கள் என்றார். காசாளர் தயங்கினார், நான் எழுதினேன். கழற்றிய பாகங்கள் அனைத்தையும் பெட்டியில் போட்டுத் தரும்படி கேட்டு, ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு அவர்களின் கையெழுத்தையும் வாங்கினேன். அன்றைக்குத்தான் என் தொழில்புத்தி எனக்குத் திரும்பி வந்தது. அந்தப் பெட்டியில் பழுதடைந்ததாகச் சொல்லப்பட்ட ஒயில் பம்பும் இருந்தது.

சுயாதீன மதிப்பீட்டாளர் ஒருவரைக் கண்டியிலிருந்து அழைத்தேன், கட்டணம் 25,000. செலவுகளிலெல்லாம் மிகப் பயனுள்ள செலவு அதுதான். பம்பின் உள்ளே சிறு கீறல்கள் இருந்தாலும் இடைவெளிகள் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ளேயே இருந்தன, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் தடையின்றி அசைந்தது என்று அளந்து எழுதினார். கிராங்கில் இரண்டு இடங்கள் சூட்டினால் நீலம் பாரித்திருந்தன, பெயரிங்கின் மென்மையான மேற்பூச்சு உருகி வழிந்து ஓரத்தில் திரண்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் தேய்ந்தால் பெயரிங் சீராக மெலியும்; இப்படி உருகினால் அது திடீரென்று ஒயில் அற்றுப்போனதன் விளைவு என்பதை அறிக்கையில் பாமரருக்கும் புரியும்படி எழுதியிருந்தார். மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவருடைய வாய்வார்த்தை விசாரணையில் நிற்காது. கையெழுத்தும் தகைமையும் இட்ட அறிக்கை நிற்கும்.

காப்புறுதி நிறுவனத்தையும் கேட்டேன். முழுக் காப்புறுதி என்றாலும் இயந்திரக் கோளாறு அதில் அடங்காது என்று ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அதைவிடக் கூடுதலாக நான் வீணாக்கியது கொழும்புத் தலைமை அலுவலகத்தின் மின்னஞ்சல்களில். “உங்கள் விடயம் உள்ளக விசாரணையில் உள்ளது” என்ற ஒரே வாக்கியத்தை ஐந்து வாரங்களாக வேறு வேறு பெயர்களில் அனுப்பினார்கள். அவர்கள் வேண்டுமென்றே இழுத்தார்களா என்று எனக்குச் சொல்ல முடியாது; ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டத்தின்படி, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். எனக்கு ஜூன் 12இல் தொடங்கிய கணக்கு செப்டம்பர் 12இல் முடிகிறது. அந்த அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தபோதுதான் அதை அறிந்தேன். நிறுவனத்துடன் பேசிக்கொண்டே முறைப்பாட்டையும் கொடுக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. சேவை போதிய கவனத்துடனும் திறமையுடனும் வழங்கப்பட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும் உள்ளடங்கியது என்று அதே சட்டம் சொல்கிறது. என் முறைப்பாட்டின் முதல் பந்தியில் அதைத்தான் எழுதினேன். ஓகஸ்ட் 6ஆம் திகதி கையளித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் பிரதியில் வாங்கினேன்.

விசாரணைக்கு நிறுவனத்தின் சார்பில் இருவர் வந்தார்கள். விளக்கு எரிந்த பின்னும் ஓட்டியது வாடிக்கையாளரின் அலட்சியம் என்பதே அவர்களின் வாதம். தொலைபேசியில் எதுவும் சொல்லவில்லை என்று அந்த இளைஞர் கூறினார். கூறும்போது என்னைப் பார்க்கவில்லை. அன்று காலை 6.24க்கு அவருடைய இலக்கத்துக்கு நான் எடுத்த அழைப்பு மூன்று நிமிடம் பதினொரு செக்கன் நீடித்ததைக் காட்டும் பதிவு என்னிடம் இருந்தது. என்ன பேசினோம் என்பதை அது காட்டாது. அழைப்பு முடிந்தவுடன், “நீங்கள் சொன்னபடி சென்சர் பிழை என்று எண்ணி ஹபரணை வரை ஓட்டுகிறேன்” என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் அந்த வாதம் அங்கேயே விழுந்திருக்கும். எந்தத் தொலைபேசி ஆலோசனையையும் உடனே எழுத்தில் திருப்பி அனுப்புங்கள். ஆயினும் கெரியர் சாரதியின் படம் மேசையில் வைக்கப்பட்டபோது, பம்ப் என்ற சொல்லை அதன் பிறகு அவர்கள் பயன்படுத்தவே இல்லை.

இரண்டாவது விசாரணைத் திகதிக்கு முன்பே சமரசத்துக்கு அழைத்தார்கள். 3,75,000 ரூபா, பொறுப்பை ஏற்காத நல்லெண்ணக் கொடுப்பனவு. நீதிமன்றம் போனால் முழுவதும் கிடைக்கலாம், ஆனால் எத்தனை ஆண்டுகள் என்று கேட்காதீர்கள் என்று சட்டத்தரணி சொன்னார். ஏற்றுக்கொண்டேன். அவர்கள் தந்த ஒப்பந்தத்தில் இந்த விடயத்தை எவரிடமும் பேசக்கூடாது என்றொரு வாசகம் இருந்தது. நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடமாட்டேன் என்று மட்டும் மாற்றும்படி கேட்டேன், மாற்றினார்கள். கேட்டால் மாறும். காசோலை கைக்கு வரும்வரை முறைப்பாட்டை மீளப்பெறும் கடிதத்தில் கையெழுத்திடவில்லை.

கணக்கைச் சொல்கிறேன். கெரியர் 28,000, கழற்றிய கூலி 42,000, காரை மறுபடி ஏற்றி இறக்கியது 6,000, மதிப்பீட்டாளர் 25,000, சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் 15,000, கார் இல்லாத பதினொரு வாரங்களில் வாடகை வாகனத்துக்கும் பஸ்ஸுக்கும் ஏறத்தாழ 60,000, எஞ்சின் வேலை 5,12,000. மொத்தம் 6,88,000. கிடைத்ததைக் கழித்தால் என் கையிலிருந்து போனது 3,13,000. ஒன்பது நாள் அமய விடுமுறை இதில் சேரவில்லை. மகளைப் பார்க்கப் போகாமலே போன இரண்டு மாதங்களும் சேரவில்லை.

எஞ்சினைத் திருத்தியவர் அந்த வயதான மெக்கானிக்தான். கிராங்கை 0.25 மில்லிமீற்றர் அரைத்தெடுத்து, அதற்கேற்ற தடித்த பெயரிங் போட்டு, பம்பையும் புதிதாக மாற்றி, ஒயில் போகும் துளைகளையெல்லாம் காற்றடித்துச் சுத்தம் செய்தார். அங்கே ஒளிந்திருக்கும் உலோகத் துகள் ஒன்றே புதிய பெயரிங்கைத் தின்றுவிடும் என்றார். முதல் ஐந்நூறு கிலோமீற்றரில் ஒரு தடவை ஒயில் மாற்றவைத்தார். செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து கார் ஓடுகிறது. முன்பைவிடச் சிறிது ஒயில் குடிக்கிறது, ஆயிரம் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ இருநூறு மில்லிலீற்றர். ஞாயிறு காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குச்சியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு இழுத்து, அளவைக் கொப்பியில் திகதியோடு குறித்துக்கொள்கிறேன். பக்கத்தில் நின்று பார்க்கும் மனைவி இப்போது ஒன்றும் சொல்வதில்லை.